இப்போது இயலாது

நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து உங்கள் ஃபோன் மூன்று முறை சிணுங்கிவிட்டது. ஒன்று ஏதாவது கடைத் தள்ளுபடியாக இருக்கும். மற்ற இரண்டும் ஏதோ ஒரு குழுவில் யாரோ யாருக்கோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்தாக இருக்கும். செட்டிங்ஸுக்குள் போய் இரண்டு இடத்தில் தொட்டால் நின்றுவிடும். பிறகு வேண்டுமானால் நானே செய்து தருகிறேன். எனக்கு அதுதான் தொழில்.

பதினொரு வருடமாக அதுதான் தொழில். நீங்கள் ஒரு ஆப்பைத் திறக்காமலே அது உங்களைக் கூப்பிடுகிறதே, திரையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சீட்டு இறங்கி வருகிறதே, அந்த நோட்டிஃபிகேஷனைச் செய்கிறவன் நான். யாருக்கு அனுப்புவது, என்ன சத்தத்தோடு அனுப்புவது, ஃபோன் உறக்கத்தில் இருந்தால் எப்படி எழுப்புவது, போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் சில்லறை வேலை. ஆனால் ஒரு மனிதர் காதில் எது விழவேண்டும், எது விழவேண்டாம் என்று முடிவு செய்கிற வேலை. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை.

எங்கள் அலுவலகம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மொத்தம் பன்னிரண்டு பேர். மருந்துக்கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆப் செய்து கொடுக்கிறோம். எனக்கும் முதலாளிக்கும் எப்போதும் ஒரே சண்டைதான். "ஒரு நாளைக்கு ஆறு தடவை அனுப்பு. இல்லன்னா நம்மள மறந்துடுவாங்க" என்பார். ஒன்று போதும் என்பேன். ஆறு முறை வெறுமனே கூப்பிட்டால், ஏழாவது முறை வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "உன்கிட்ட விட்டா ஃபோனை செங்கல் ஆக்கிடுவே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கடைசியில் நான் சொன்னபடிதான் நடக்கும். மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அவளை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். முப்பத்தொரு வயதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் நான் கியர் போடுவதைப் பார்த்துவிட்டு, "சார், அதைப் பிடுங்கப் பாக்காதீங்க, அது செடி இல்ல" என்றாள். மற்றவர்கள் பன்னிரண்டு வகுப்பில் கற்றுக்கொண்டார்கள். நான் இருபத்தேழு வகுப்புக்குப் போனேன். கடைசிப் பத்து வகுப்பும் நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகு போனவை. அவளுக்கும் அது தெரியும் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்.

கல்யாணமாகி ஏழாவது வருடம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. அப்போது அவளுக்கு முப்பத்தாறு. கால் வீங்குகிறதே என்று காட்டப் போனவளை அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள். அதன்பிறகு செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். என் ரத்த வகை அவளுக்குச் சேரவில்லை. அவளுடைய அக்காவுக்குச் சர்க்கரை. ஆகவே வேறு யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் மனமிரங்கிக் கொடுக்கிற சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் பேர் கொடுத்துக் காத்திருந்தோம்.

அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம். ஒரு பாட்டிலில் கோடு போட்டு, காலையில் அளந்து ஊற்றி வைப்பேன். மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதற்குள்தான். காய்கறியை நறுக்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு வேகவைத்து அதையும் கொட்ட வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் குறையும். உப்பில்லாமல் அவள் சாப்பிடும்போது நானும் உப்பில்லாமல் சாப்பிட்டேன். டயாலிசிஸ் அறையில் இருந்த நர்ஸ் ஒருநாள் அவளிடம், "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் டீச்சர்" என்றாள். டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாற்று அறுவை செய்கிற மருத்துவமனை வேறு. ஊரின் அந்தப் பக்கம். அங்கே பட்டியலைக் கவனிக்கிற அம்மாளை எல்லோரும் லிஸ்ட்டம்மா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒரு சிறுநீரகம் வந்தால் பட்டியலை வைத்துக்கொண்டு அவரே ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிடுவார். ஒருவர் எடுக்க மாட்டார், ஒருவருடைய ஃபோனில் சார்ஜ் இருக்காது, ஒருவர் நம்பர் மாற்றியிருப்பார். இரண்டு சிறுநீரகம் அப்படியே வீணாகிவிட்டன என்று எங்கள் முதலாளியிடம் சொல்லி, ஒரு ஆப் செய்து தரக் கேட்டார். என் மனைவியும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. "அப்ப நீங்களே பண்ணுங்க தம்பி. காத்துக்கிட்டு இருக்கறவங்க கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. பொருந்துகிற முதல் ஆளின் ஃபோனுக்கு ஒரு அழைப்பு போகும். ஃபோன் மௌனத்தில் இருந்தாலும் சத்தம் வரும். தொடும்வரை நிற்காது. சத்தத்தை நானே தேர்ந்தெடுத்தேன். தூங்குகிறவரை எழுப்ப வேண்டும், ஆனால் பயமுறுத்தக் கூடாது. இருபது சத்தங்களைக் கேட்டுப் பார்த்து டீச்சரும் நானும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்தோம். திரையில் இரண்டு பொத்தான்கள். 'வருகிறேன்', 'இப்போது இயலாது'. இரண்டாவதைத் தொட்டால் காரணம் கேட்கும். காய்ச்சல், வெளியூர், வேறு. நாற்பது நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். லிஸ்ட்டம்மாவின் மேசையிலும் தெரியும். வீட்டு நம்பர் என்று ஒன்றும் அதில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தோம்.

ஆப் வேலை செய்ய ஆரம்பித்த அன்று டீச்சர் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கிடைச்சதும் என்ன பண்ணுவேன் தெரியுமா? ஒருநாள் பூரா ஓட்டுவேன். தனியா. பக்கத்து சீட்டுல யாரும் இருக்கக் கூடாது."

"நான்கூடவா?"

"யாரும்னா யாரும்தான்" என்று சிரித்தாள்.

முதல் அழைப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றே கால். அன்று டயாலிசிஸ் முடிந்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஃபோன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்ததும் ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தேன். அவள் முழித்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். அவளுக்கு முந்தின இரவிலிருந்து லேசாக இருமல். அறுவை மேசையில் போனவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தேன். நூற்றில் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பொத்தானைத் தொட்டேன். காய்ச்சல் என்று போட்டேன். வந்ததற்கான தடயத்தையும் ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன். அது கண்ணில் பட்டால் வீணாக வருத்தப்படுவாள்.

நாலரைக்கு எழுந்து வந்தாள். "ஏதாவது மணி அடிச்சுதா? கனவா என்னன்னு தெரியல."

"பக்கத்து வீட்டுல" என்றேன்.

"நம்ம சத்தம் மாதிரியே இருந்துச்சு."

கால் டம்ளர் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரின் அடியில் மிச்சமிருந்த சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. ஃபோன் சமையலறையில் இருந்ததும் நான் அருகில் இருந்ததும் தற்செயல். தற்செயலை நம்பி எதையும் விடுவது என் பழக்கமில்லை. ஆப்பைச் சோதிப்பதற்காக நாங்கள் ஒரு தனிப் பட்டியல் வைத்திருப்போம். ஒரு ஃபோனை அதில் சேர்த்துவிட்டால், அதற்குப் போக வேண்டிய அழைப்பு சோதிக்கிறவரின் ஃபோனுக்குப் போகும். மருத்துவமனையின் திரையிலோ சரியாகப் போய்ச் சேர்ந்ததாகவே காட்டும். டீச்சருடைய ஃபோனை அந்தப் பட்டியலில் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. சேர்த்த நேரம் பதிவில் இருக்கும், நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஏப்பம் விடுகிற நேரத்தில் செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது அழைப்பு என் ஃபோனுக்கு வந்தது. புதன்கிழமை, காலை பத்து நாற்பது. அலுவலகத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மருந்துக்கடையின் தள்ளுபடி அறிவிப்புக்குச் சிவப்பு நிறமா ஆரஞ்சா என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வரும்போது சத்தம் வராதபடி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், பதில் கொடுத்தேன், சிவப்பு வேண்டாம் என்று சொன்னேன். ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தடவைகூட ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை. பதில் சொல்லாமல் விட்டால் நாற்பது நிமிடம் வீணாகும். அந்த நாற்பது நிமிடம் இன்னொரு நோயாளியுடையது. என்னால் ஒரு சிறுநீரகமும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் யாருக்கோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இரண்டாவது யாருக்குப் போயிற்று என்று பிறகு தெரிந்தது. டீச்சருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஐந்து மாதம் பின்னால் வந்து சேர்ந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. நான்கு மணி நேரமும் வாய்ச்சண்டை போடுவார்கள். "உங்க ஸ்கூல்ல கத்துக்கிட்டு வர்றவங்கதான் டீச்சரம்மா என் பஸ்ஸுக்குக் குறுக்க வந்து விழறாங்க" என்பார். "பஸ்ஸை ரோட்டுல ஓட்டுங்க, பிளாட்பாரத்துல ஓட்டினா குறுக்கதான் வருவாங்க" என்பாள். திடீரென்று ஒருநாள் அவர் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, டயாலிசிஸ் அறையின் கதவுக்கு வெளியே நின்று கையாட்டினார். கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது.

டீச்சர் முதலில் கேட்ட கேள்வி, "தண்ணி குடிச்சீங்களா?" என்பதுதான்.

"குடிச்சேனே."

"எவ்வளவு?"

"ஒரு லிட்டர் பாட்டில். வாயே எடுக்கல. நர்ஸு திட்டினாங்க."

அறையில் இருந்த ஆறு நோயாளிகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எச்சில் விழுங்கினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்" என்றாள். அவர் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டார். "அழுதுட்டேன் டீச்சரம்மா. வேற எதுவும் சொல்லத் தெரியல."

பிறகு அவரே சொன்னார். "எனக்கு வந்திருக்க வேண்டியது இல்லையாம். நான் ரெண்டாவது ஆள்தானாம். எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டாங்களாம்."

"பாவம். யாரோ" என்றாள் டீச்சர். "வீட்டுல எவ்வளவு அழுதிருப்பாங்க."

நான் அவளுடைய போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில்தான் கேட்டாள். "ஏங்க, அவரு எனக்கு அப்புறம்தானே சேர்ந்தாரு? ஒரே ரத்தம்தானே? எனக்கு ஏன் வரல?"

"பொருத்தம்னு இன்னும் எத்தனையோ பாப்பாங்க டீச்சர். ரத்தம் மட்டும் இல்ல."

"என் ஃபோன்ல ஏதும் கோளாறு இருக்குமோ? நீங்க ஒரு தடவை பாருங்களேன். உங்களுக்குத்தானே தெரியும்."

ஓரமாகக் காரை நிறுத்தினேன். அவளுடைய ஃபோனை வாங்கி நாலைந்து இடத்தில் தொட்டேன். என் ஃபோனிலிருந்து நேரடியாக ஒரு மாதிரி அழைப்பு அனுப்பினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அந்தச் சத்தம் காருக்குள் நிறைந்தது. அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். வெறும் சோதனை என்று தெரிந்தும் ஒரு கணம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? கச்சிதமா வேலை செய்யுது."

"சும்மா சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். "கோச்சுக்காதீங்க."

அதற்குப் பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்து, ஃபோனை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவாள். சார்ஜ் தொண்ணூறுக்குக் கீழே இறங்க விடமாட்டாள். நோட்டிஃபிகேஷனைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் அப்படியே கடைப்பிடித்தாள். என் வேலையை அவ்வளவு நம்பியவர் வேறு யாரும் கிடையாது.

மூன்றாவது அழைப்பு அதற்கு நான்கு மாதம் கழித்து. இதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. எனக்குக் கேட்கவில்லை, அவளுக்குத்தான் கேட்டது.

"உங்களுக்கு ஏதோ வருது பாருங்க."

"ஆஃபீஸா இருக்கும்."

"அவசரமோ என்னமோ. எடுங்க."

பால்கனிக்குப் போய்ப் பதில் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டேன் என்கிறார்களே என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

அன்று சாயங்காலம் லிஸ்ட்டம்மா என் நம்பருக்குக் கூப்பிட்டார். "தம்பி, மூணு தடவை ஆச்சு. மூணு தடவையும் காய்ச்சல்னு வருது. எனக்குப் புரியல. அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "உண்மையைச் சொல்லிடறேன். அவளுக்கு ஆபரேஷன்னா பயம். வெளியில சொல்ல வெக்கப்படறா. கேட்டா உடைஞ்சு போயிடுவா. நான் மெதுவா பேசி மாத்தறேன்."

"நிறைய பேருக்கு அப்படித்தான் தம்பி. சரி, பேரு இருக்கட்டும். நீங்க பக்கத்துல இருக்கீங்களே, அது போதும்" என்றார்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி வரும். செவ்வாய் காலைதான் எப்போதும் கண்டம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி நிற்கும், இதயத்தையே நிறுத்திவிடவும் கூடும். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு ஏழாவது வாரம், செவ்வாய் காலை, கிளம்புவதற்காகச் செருப்பு மாட்ட உட்கார்ந்தவள், "கால் நம்ம கால் மாதிரியே இல்ல" என்றாள். குனிந்து நான் செருப்பின் வாரைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தலைமேல் கையை வைத்தாள். பிடிமானத்துக்காக வைக்கிறாள் என்று நினைத்தேன். ஆம்புலன்ஸ் பதினான்கு நிமிடத்தில் வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அவள் கழுத்திலிருந்து பையைக் கழற்றியபோது ஃபோனில் தொண்ணூற்றாறு சதவீதம் சார்ஜ் இருந்தது.

மறுநாள் அடக்கம். அவளுடைய அக்கா வந்து ஒரு இரவு இருந்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டயாலிசிஸ் அறைக்குச் சொல்லிவிட்டேன். மாற்று அறுவை மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பட்டியலில் அவளுடைய பெயர் இருக்கும் என்பது எனக்கு ஒரு துணை மாதிரி இருந்தது.

ஐந்தாவது நாள், ஞாயிறு, பதினொரு மணிக்கு என் ஃபோனுக்கு நான்காவது அழைப்பு வந்தது.

அவளுடைய அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அவளுடைய பெயர், ரத்த வகை, இரண்டு பொத்தான்கள். முதல் பொத்தானைத் தொட்டேன். அதைத் தொட்டால் திரையில் என்ன வரும் என்பதை நான்தான் எழுதினேன்: 'நல்லது. நிதானமாகக் கிளம்பி வாருங்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.' அந்த வாசகத்தை அதுவரை நான் சோதனையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அவளுடைய மருத்துவ ஃபைலை எடுத்துக்கொண்டேன். மருத்துவமனைக்கென்று அவள் தயாராக வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டேன். அவளுடைய ஃபோனையும் எடுத்துக்கொண்டேன். எந்தச் சிக்னலிலும் வண்டி நிற்கவில்லை, அப்படி ஒரு வழி கிடைத்தது.

லிஸ்ட்டம்மா வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மனசு மாத்திட்டீங்களே தம்பி! எங்க அவங்க, கார்லயா?"

"வரல."

"மறுபடியும் பயந்துட்டாங்களா? ஃபோனைப் போட்டுக் குடுங்க, நான் பேசறேன்."

என் கையிலிருந்த அவளுடைய ஃபோனைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை போயிட்டாம்மா" என்றேன்.

அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் எதுவும் கேட்காமல் முதலில் தன் ஃபோனை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டு, உடனே கிளம்பி வரச் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை. அதன்பிறகுதான் அந்தச் சக்கர நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். எனக்காகத்தான் முதலில் அழுதார். துக்கத்தில் புத்தி பேதலித்து வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவளுடைய ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்தார். ஆப்பைத் திறந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"இதுல ஒண்ணுமே வரலையே தம்பி" என்றார். "இன்னிக்குக் காலைல அனுப்பினது இதுல இருக்கணுமே?"

பிடித்திருந்த கையை அப்போது விட்டுவிட்டார். நான் எங்கேயும் ஓடவில்லை. அங்கேயே நின்று, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். உங்களைக் கூப்பிடச் சொன்னதும் நான்தான்.

நேற்று நீங்கள் காரணம் கேட்டபோது, அறுவையில் போய்விடுவாள் என்று பயம் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பையை நீங்கள் திறந்து பார்த்திருக்கிறீர்கள். மருத்துவமனைக்குப் போகிறவர் ஆறு சேலையும், படித்த சான்றிதழ்களும், வேறொரு ஊரில் ஒரு கடையின் வாடகை ஒப்பந்தமும் எடுத்துப்போவாரா என்று கேட்டீர்கள். அவள் அதை மருத்துவமனைக்காகக் கட்டவில்லை. நோய் தெரிவதற்கு முந்தின வாரமே கட்டிவிட்டாள். பிறகு அதற்குமேல் இரண்டு நைட்டியை வைத்து அதையே மருத்துவமனைப் பை ஆக்கிக்கொண்டாள்.

அது ஒரு சின்ன விஷயத்தில் ஆரம்பித்தது. வீட்டில் அவளுடைய ஃபோனையும் நான்தான் ஒழுங்கு செய்து வைப்பேன். அக்காவிடமிருந்து நாளுக்கு முப்பது செய்தி வரும். அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அவற்றைச் சத்தமில்லாமல் ஆக்கி, கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்கியிருந்தேன். டிரைவிங் ஸ்கூல் தோழிகளுடையதையும்தான். இரண்டு வருடம் அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்த அன்று கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா ஊர்ல ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள். "உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா உங்ககூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. வர்ற திங்கட்கிழமை கிளம்பறேன்."

அந்தத் திங்கட்கிழமைதான் அவளைப் படுக்க வைத்தார்கள். கால் வீக்கம் என்று காட்டப் போன நாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம். வாரத்தில் மூன்று நாள் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். அவளுக்கு ஊசி குத்தும்போது என் விரலைத்தான் பிடித்துக்கொள்வாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் நன்றாக இருந்தது அந்த மூன்று வருடம்தான். ஒரு சிறுநீரகம் வந்திருந்தால் ஆறு மாதத்தில் எழுந்து நடந்திருப்பாள். அந்தப் பை கட்டினது கட்டினபடி இருந்தது. அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன், மூன்று முறையும் என் விரலால்தான் செய்தேன். அவள் செத்துப்போவாள் என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, என்னைவிட்டுப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை.